கதவைத் தட்டிப் பார்த்தால் தெரியாதது: காரின் எடையும் மோதல் பாதுகாப்பும்

கார் வாங்கப் போகிறவர்களில் பலர் ஷோரூமில் முதலில் செய்யும் காரியம், கதவின் வெளித்தகட்டை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பதாகத்தான் இருக்கும். கனத்த ஓசை எழுந்தால் வண்டி திடமானது என்றும், எண்ணெய் டின்னைத் தட்டியதுபோல ஒலித்தால் ‘வெறும் தகரம்’ என்றும் அங்கேயே தீர்ப்பாகிவிடுகிறது. விலை குறைந்த காரோ விலை உயர்ந்த காரோ, எஃகில் செய்த கதவின் வெளித்தகடு பெரும்பாலும் 0.7 மில்லிமீட்டரை ஒட்டிய தடிமன் கொண்டதுதான். வண்டிக்கு வடிவம் தருவதும், பெயின்டைத் தாங்குவதும், மழையையும் காற்றையும் வெளியே நிறுத்துவதும் அதன் வேலை. பக்கவாட்டில் இன்னொரு வண்டி வந்து மோதும்போது அந்த விசையை எதிர்கொள்பவை வேறு: கதவுக்குள் குறுக்கே ஓடும் உத்தரம், கதவுகளுக்குக் கீழே நீளும் அடிச்சட்டம், முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவே நிற்கும் ‘பி பில்லர்’ எனப்படும் தூண். இவற்றை யாரும் தட்டிப் பார்க்க முடியாது. தட்டும்போது கேட்கும் கனத்த ஓசையோ, பல வண்டிகளில், அதிர்வை அடக்குவதற்காகத் தகட்டின் உட்புறம் ஒட்டப்பட்ட தார் போன்ற பட்டையால் வருவது. அந்தப் பட்டை வண்டியின் எடையைக் கூட்டுகிறது. மோதலில் அதற்கு எந்த வேலையும் இல்லை.

எடையும் பாதுகாப்பும் ஒன்றே என்ற நம்பிக்கை முழுப் பொய்யும் அன்று. நேருக்கு நேர் மோதும் இரண்டு வண்டிகளில் கனமானதற்குள் இருப்பவருக்குச் சாதகம் உண்டு என்பது இயற்பியல். ஆனால் அந்தச் சாதகம் எந்த வகை மோதலில் கிடைக்கிறது, அதற்கு யார் விலை கொடுக்கிறார் என்று பிரித்துப் பார்க்காமல், காரின் எடையைக் குறைப்பது ஆபத்தா என்ற கேள்விக்கு விடை சொல்ல இயலாது. குறைக்க வேண்டிய கட்டாயமோ ஆண்டுக்கு ஆண்டு கூடிவருகிறது. எடை 10 சதவீதம் குறைந்து, அதற்கேற்ப என்ஜினும் சிறியதானால், எரிபொருள் செலவில் 6 முதல் 8 சதவீதம் வரை மிச்சமாகும் என்பது வாகனப் பொறியாளர்கள் நெடுங்காலமாகக் கையாளும் தோராயக் கணக்கு.

சுவரில் மோதும் கார்

மணிக்கு 64 கிலோமீட்டர் என்பது மோதல் சோதனைக் கூடங்களில் அடிக்கடி காதில் விழும் எண். புதிய கார்களை மோதவிட்டு நட்சத்திர மதிப்பெண் தரும் ஐரோப்பாவின் யூரோ என்கேப் அமைப்பு 1997இல் தன் முதல் முடிவுகளை வெளியிட்டபோதும், குளோபல் என்கேப் 2014இல் இந்தியக் கார்களைச் சோதித்தபோதும், 2023 அக்டோபரில் பாரத் என்கேப் நடைமுறைக்கு வந்தபோதும் முன்பக்க மோதலுக்கு வைக்கப்பட்ட வேகம் இதுவே. நொடிக்கு ஏறத்தாழ 17.8 மீட்டர். இந்த வேகத்தில் செல்லும் 1,000 கிலோ காரிடம் உள்ள இயக்க ஆற்றல் சுமார் 158 கிலோஜூல். 1,500 கிலோ காரிடம் உள்ளது 237 கிலோஜூல். அசையாத சுவரில் மோதி நிற்க வேண்டுமானால், கார் இந்த ஆற்றல் முழுவதையும் தன் முன்பகுதியை நசுக்கியே தீர்க்க வேண்டும். ஆக, கனமான கார் தனக்குத் தானே கொண்டுவரும் சுமையும் கனமானது. அதன் முன்பகுதியில் கூடுதலாக உள்ள எஃகில் ஒரு பங்கு, கூடுதல் எடை கொண்டுவந்த கூடுதல் ஆற்றலைச் சமாளிப்பதற்கே செலவாகிவிடுகிறது. (உண்மையான சோதனையில் தடுப்பின் முகப்பில் உள்ள அலுமினியத் தேன்கூடும் ஓரளவு ஆற்றலை வாங்கிக்கொள்ளும். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று அதை இங்கே விட்டுவிட்டேன்.)

உள்ளே இருப்பவரின் உடல் உணர்வது ஆற்றலை அன்று, வேகம் எவ்வளவு திடீரென்று இறங்குகிறது என்பதை. நொடிக்கு 17.8 மீட்டர் வேகத்தில் வந்த கார் 60 சென்டிமீட்டர் நசுங்கி நின்றால், சராசரி எதிர்முடுக்கம் புவியீர்ப்பைப் போல 27 மடங்கு. அதுவே 30 சென்டிமீட்டரில் நின்றுவிட்டால் 54 மடங்கு. இந்தக் கணக்கில் காரின் எடை எந்த இடத்திலும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வருவது வேகமும் நசுங்கும் தூரமும்தான். முன்பகுதி நீளமாக, படிப்படியாக, தன் முழு நீளத்தையும் பயன்படுத்தி மடிய வேண்டும். அதற்குப் பின்னால் இருக்கும் பயணிகள் அறை மடியவே கூடாது. காரின் ஒரு பாகம் மென்மையாகவும் இன்னொரு பாகம் கடினமாகவும் இருக்க வேண்டும் என்ற இந்த எண்ணத்துக்கு மெர்சிடிஸ் பென்ஸ் பொறியாளர் பேலா பாரெனி 1951இல் காப்புரிமை கோரினார். 1959இல் அந்நிறுவனத்தின் செடான் கார்களில் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்புவரை, எங்கும் ஒரே சீராக விறைத்து நிற்கும் வண்டியே பாதுகாப்பானது என்று பொறியாளர்களும் நம்பியிருந்தார்கள்.

அதே 1959ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தயாரான செவர்லே பெல் ஏர் என்ற நீண்ட கனத்த காரை, 2009ஆம் ஆண்டின் செவர்லே மாலிபுவுடன் நேருக்கு நேர் மோதவிட்டார்கள். அங்கே காப்பீட்டு நிறுவனங்களின் பணத்தில் இயங்கும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு, தன் 50ஆம் ஆண்டையொட்டி நடத்திய சோதனை இது. இரண்டு கார்களின் எடையும் ஏறக்குறைய சமம். பழைய காரின் பயணிகள் அறை நொறுங்கி, ஸ்டீயரிங்கும் டேஷ்போர்டும் ஓட்டுநர் பொம்மையின்மேல் வந்து இறங்கின. அந்த இடத்தில் மனிதர் இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார். மாலிபுவின் முன்பகுதி அடையாளம் தெரியாமல் மடிந்தது. அறை அப்படியே நின்றது. அதன் ஓட்டுநருக்குக் காலில் சிறு காயம் நேர்ந்திருக்கலாம் என்பதே மதிப்பீடு. ‘அந்தக் காலத்து வண்டி மாதிரி வருமா’ என்பவர்கள் இந்தப் படத்தை ஒருமுறை பார்க்க வேண்டும்.

எஃகுக்குள் வேலைப் பிரிவினை

எடை குறைப்பு என்றவுடன் அலுமினியமும் கார்பன் ஃபைபரும்தான் நினைவுக்கு வரும். ஆனால் சாலையில் ஓடும் கார்களில் பெரும்பாலானவை இலேசானது வேறு எஃகுக்கு மாறியதால். காரின் உடற்கூட்டை ஒரே உலோகம் என்று பார்ப்பது தவறு. ஒரு நவீனக் காரில் வலிமையில் ஐந்து மடங்கு வித்தியாசமுள்ள எஃகு வகைகள் அடுத்தடுத்து ஒட்டப்பட்டிருக்கின்றன. வெளித்தகட்டுக்கு வளைந்துகொடுக்கும் மென் எஃகு போதும். அதன் இழுவலிமை, அதாவது இழுக்கும்போது அறுபடாமல் தாங்கும் அளவு, 300 மெகாபாஸ்கலை ஒட்டியது. முன்பகுதியில் மடிய வேண்டிய நீள்சட்டங்களுக்கு இருகட்ட எஃகு. எஃகின் உள்ளமைப்பில் ஃபெரைட் என்ற மென்மையான பகுதிக்கு நடுவே மார்ட்டென்சைட் என்ற கடினமான பகுதி தீவுகளாகச் சிதறிக் கிடப்பதால், வளைய வளைய அது இறுகிக்கொண்டே போகும். இந்த வகையில் சிலவற்றின் வலிமை 600, சிலவற்றின் வலிமை 1,000 மெகாபாஸ்கலை எட்டும். பெயின்ட் உலர்த்தும் சூளையில், 170 டிகிரி செல்சியஸ் அளவில், சில எஃகு வகைகள் மேலும் ஒரு படி இறுகுகின்றன. பெயின்டுக்காக மூட்டிய சூட்டில் வண்டிக்கும் சிறிது வலிமை சேர்ந்துவிடுகிறது.

பயணிகள் அறையின் தூண்களுக்கும் அடிச்சட்டங்களுக்கும் வருவது போரான் எஃகு. இதைச் செய்யும் முறையைக் கொல்லர் உலை அறிந்தவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். தகட்டை 900 டிகிரிக்கு மேல் காய்ச்சி, செக்கச் சிவந்திருக்கும்போதே அச்சில் வைத்து அழுத்துவார்கள். அச்சின் உள்ளே குளிர்நீர் ஓடிக்கொண்டிருப்பதால், அச்சு மூடிய நிலையிலேயே தகடு சில நொடிகளில் குளிர்ந்து மார்ட்டென்சைட்டாக மாறிவிடும். அரிவாளைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்க்கும் அதே வித்தையை, வடிவம் கொடுக்கும் வேலையோடு ஒரே அடியில் முடிப்பது இது. கிடைக்கும் வலிமை 1,500 மெகாபாஸ்கல். ஸ்வீடனில் 1970களில் ரம்பப் பற்களுக்கும் புல் வெட்டும் இயந்திரத்தின் கத்திகளுக்குமாகப் பிறந்த முறை இது. 1984இல் சாப் 9000 காரில் முதன்முதலாக வாகனத்துக்குள் நுழைந்தது. மென் எஃகில் இரண்டு, மூன்று அடுக்கு வைத்துப் பற்றவைத்த தூணின் வேலையை, இந்த எஃகில் அதைவிட மெல்லிய தகடு செய்துவிடும்.

பி பில்லரில் இந்த நுட்பம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பக்கவாட்டு மோதலில் அந்தத் தூண் நடுவில் உள்நோக்கி ஒடிந்தால், அது இடிப்பது நேரே பயணியின் விலா எலும்பில். ஆகவே மேற்பகுதி முழுக் கடினத்தோடும், தரையை ஒட்டிய கீழ்ப்பகுதி சற்று மென்மையாகவும் இருக்கும்படி, ஒரே தூணை இரண்டு விதமாகக் குளிர்விக்கிறார்கள். அடி வாங்கும்போது தூணின் கால்பகுதி உள்ளே நகரும். மேற்பகுதி கூரையைப் பிடித்துத் தொங்கும் ஊசல்போல நேராக நிற்கும். மோதல் இடுப்பு மட்டத்தில் வாங்கப்பட்டு, நெஞ்சுக்கும் தலைக்கும் இடம் மிஞ்சுகிறது. இவ்வளவும் ஒரு கிராம் கூடுதல் எடையின்றி நடக்கிறது.

வலிமை ஐந்து மடங்கு கூடினால் தகட்டை ஐந்தில் ஒரு பங்காக மெலியவைக்கலாமே என்று தோன்றும். அங்கேதான் எஃகு ஒரு தடை போடுகிறது. வலிமை என்பது உலோகம் எந்த விசையில் நிரந்தரமாக வளையும், முறியும் என்பதைச் சொல்வது. விறைப்பு என்பது அதற்கு முன்பே, மீளக்கூடிய அளவில், அது எவ்வளவு நெளிகிறது என்பது. எத்தனை வலிமையான எஃகானாலும், விறைப்பைக் குறிக்கும் அதன் யங் குணகம் 210 கிகாபாஸ்கலை விட்டு அசைவதில்லை. மென் எஃகும் போரான் எஃகும் இந்த விஷயத்தில் ஒன்றே. தகட்டை மெலியவைத்தால் விறைப்பு குறையும். தட்டையான தகடு வளைவதில் தடிமனின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்பக் குறையும். மோதலைத் தாங்கும் வலிமை இருந்தும், குண்டுங்குழியுமான சாலையில் கதவுகள் கிறீச்சிடும், கண்ணாடி ஓரங்கள் அதிரும். மெல்லிய சுவர்கொண்ட குழாய், மடிப்பு மடிப்பாகச் சுருங்குவதற்குப் பதில் ஒரு பக்கமாக முறுக்கி ஒதுங்கிவிடும் அபாயமும் உண்டு. இழந்த விறைப்பை எடை கூட்டாமல் மீட்க இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, சட்டத்தின் குறுக்குவெட்டை அகலப்படுத்துவது, தகட்டில் வரிகளை அழுத்துவது. மற்றது, புள்ளி புள்ளியாக இருக்கும் ஸ்பாட் வெல்டிங்குக்கு நடுவே பிசினை நீளக் கோடாக இட்டு ஒட்டுவது.

இந்த வழி எவ்வளவு தூரம் போகும் என்பதை 18 நாடுகளைச் சேர்ந்த 35 எஃகு நிறுவனங்கள் கூடி 1998இல் காட்டின. போர்ஷே பொறியியல் பிரிவின் துணையோடு அவர்கள் செய்த மாதிரி உடற்கூட்டின் எடை 203 கிலோ. அன்றைய ஒப்பீட்டுக் கார்களின் சராசரியைவிட அது 25 சதவீதம் குறைவு. முறுக்கு விறைப்போ கூடுதல். அலுமினியத்திடம் சந்தையை இழந்துவிடுவோமோ என்ற எஃகுத் தொழிலின் அச்சம்தான் அந்தத் திட்டத்தை உந்தியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அச்சமும் சில நேரம் நல்ல பொறியியலைப் பெற்றுத்தருகிறது.

எந்த இடத்தில் எஃகு சும்மா இருக்கிறது என்று தெரிந்தால்தானே அதை எடுக்க முடியும்? அந்த அறிவைத் தந்தது கணினி. 1986 வாக்கில், ஃபோக்ஸ்வாகன் போலோ காரின் முன்பக்க மோதல் ஒன்றை ஓர் இரவு முழுக்கக் கணினியை ஓடவிட்டுக் கணித்துக்காட்டினார்கள். இன்று ஒரு காரின் உடல் லட்சக்கணக்கான சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டும் மோதலின் ஒவ்வோர் ஆயிரத்தில் ஒரு நொடியிலும் எவ்வளவு ஆற்றலை ஏற்கிறது என்பது திரையில் தெரிகிறது. ஒரு சட்டத்தை 0.2 மில்லிமீட்டர் மெலியவைத்தால் என்னவாகும் என்பதை, சென்னைக்கு அருகே ஒரகடத்தில் இருப்பது போன்ற சோதனைக்கூடத்துக்கு முழுக் காரை அனுப்புவதற்கு முன்பே நூற்றுக்கணக்கான முறை பார்த்துவிடலாம்.

ஐந்து பூஜ்யங்களும் ஒரு டிசையரும்

2014 ஜனவரியில் குளோபல் என்கேப் இந்தியச் சந்தையின் ஐந்து சிறு கார்களைச் சோதித்தது: மாருதி ஆல்டோ 800, டாட்டா நானோ, ஹூண்டாய் ஐ10, ஃபோர்டு ஃபிகோ, ஃபோக்ஸ்வாகன் போலோ. ஏர்பேக் இல்லாத அந்த ஐந்துக்கும், பெரியவர் பாதுகாப்பில் கிடைத்தது பூஜ்யம். செய்தியில் அன்று பெரிதாக வந்தது அந்தப் பூஜ்யம். உள்ளே இருந்த விவரம் இன்னும் சுவையானது. முதல் மூன்று கார்களின் உடற்கூடு போதாது என்று அறிக்கை சொன்னது. ஃபிகோவும் போலோவும் குலையாமல் நின்றன. குலையாத கூட்டுக்கும் குலைந்த கூட்டுக்கும் ஒரே மதிப்பெண் வந்ததற்குக் காரணம், பயணியைப் பிடித்து நிறுத்த உள்ளே ஏர்பேக் இல்லாததுதான். இரண்டு ஏர்பேக் பொருத்திய போலோவை மறுபடி மோதவிட்டபோது நான்கு நட்சத்திரம் கிடைத்தது. பூஜ்யத்துக்கும் நான்குக்கும் இடையே அந்தக் கார் ஏற்றிக்கொண்டது சில கிலோ. ‘கட்டுமானத்துக்குப் பெயர் போன வண்டி’ என்று நம் ஊரில் புகழப்பட்ட கார் அது என்பதால் இந்த உதாரணம் எனக்குப் பிடிக்கும்: எடையில் அதிகம் கேட்காமல் உயிரைக் காப்பவை சீட் பெல்ட், அதை மோதிய கணத்தில் இழுத்து இறுக்கும் கருவி, ஏர்பேக் ஆகியவையே.

இன்னொரு பாடம் மாருதியிடமிருந்து வருகிறது. எடை குறைந்த ‘ஹார்டெக்ட்’ அடித்தளத்தின்மேல் எழுந்த ஸ்விஃப்ட், 2018இல் குளோபல் என்கேப் சோதனையில் இரண்டு நட்சத்திரம் பெற்றது. விதிகள் கடுமையாக்கப்பட்ட பிறகு 2022இல் ஒன்றாக இறங்கியது. உடற்கூடு நிலையற்றது என்றும் குறிக்கப்பட்டது. ‘எடையைக் குறைத்தால் இப்படித்தான்’ என்ற பேச்சு அன்று எங்கும் கேட்டது. 2024 நவம்பரில், அதே ஹார்டெக்ட் வழியில் வந்த புதிய டிசையர், அதே கடுமையான விதிகளின்கீழ் ஐந்து நட்சத்திரம் பெற்றது, உடற்கூடு நிலையானது. அதன் பெட்ரோல் காரின் எடை ஒரு டன்னைக்கூட எட்டவில்லை. இலேசாக இருந்ததால் முன்னது தோற்றது என்றால், இலேசாக இருந்தும் பின்னது எப்படித் தேறியது? தோற்றபோதும் தேறியபோதும் தீர்மானித்தது கூடு எங்கே எவ்வளவு வலுவாக இருந்தது, உள்ளே எத்தனை ஏர்பேக் இருந்தன, பக்கவாட்டு மோதலும் வண்டி சறுக்குவதும் கணக்கில் எடுக்கப்பட்டனவா என்பவையே. சந்தையும் சட்டமும் கேட்காதவரை நிறுவனங்கள் அதைச் செய்யவில்லை என்பது தனிக்கதை.

எதிரே வருவது யார்

இதுவரை சொன்னது அசையாத தடுப்பில் மோதும் காரைப் பற்றியது. நட்சத்திர மதிப்பெண்ணும் பெரும்பாலும் அதைத்தான் சொல்கிறது: தன்னளவு எடையுள்ள இன்னொரு வண்டியோடு மோதினால் என்னவாகும் என்பதை. தன்னைவிட இரண்டு மடங்கு கனமான வண்டி எதிரே வந்தால் கணக்கு மாறிவிடுகிறது. 1,000 கிலோ காரும் 2,000 கிலோ காரும், இரண்டும் மணிக்கு 50 கிலோமீட்டரில், நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கொள்வதாகக் கொள்வோம். உந்தம் காக்கப்பட வேண்டும் என்பதால் இரண்டும் சேர்ந்து, கனமான கார் வந்த திசையில் 16.7 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். கனமான காருக்குள் இருப்பவரின் வேகம் 33 கிலோமீட்டர் மாறுகிறது. இலேசான காருக்குள் இருப்பவரின் வேகம் 67 கிலோமீட்டர் மாறுகிறது, அதாவது நின்று, பின்னோக்கியும் தள்ளப்படுகிறார். போரான் எஃகோ கார்பன் ஃபைபரோ இந்த விகிதத்தைத் தொட முடியாது.

2009இல் மேற்சொன்ன அமெரிக்க அமைப்பு இதை நேரடியாகவே காட்டியது. தடுப்பில் மோதிய சோதனையில் மிக நல்ல மதிப்பீடு பெற்ற ஸ்மார்ட் ஃபோர்டூ என்ற சின்னஞ்சிறு காரை, மெர்சிடிஸ் சி கிளாஸுடன் மோதவிட்டார்கள்; சிறிய கார் தரையை விட்டெழும்பிச் சுழன்றது; அதன் மதிப்பீடு அடிமட்டத்துக்குப் போனது. அதன் கூடு நன்றாகவே செய்யப்பட்டது. அதைத் தோற்கடித்தது எடை வித்தியாசமும், நசுங்குவதற்குப் போதிய நீளம் முன்னால் இல்லாததும்.

இதிலிருந்து ‘கனமாக வாங்கு’ என்ற முடிவுக்குப் பாய்பவர்கள், அதே கணக்கை இன்னொரு முறை போட்டுப் பார்க்கலாம். அந்த 2,000 கிலோ காரை 1,500 கிலோவாகக் குறைத்தால், சிறிய காரின் வேக மாற்றம் 67இலிருந்து 60ஆக இறங்குகிறது. பெரிய காருக்கு 33 என்பது 40ஆகிறது. மாறாக, சிறிய காரை 800 கிலோவாக்கி, பெரியதை 2,000இலேயே விட்டால், சிறியதற்கு 71ஆக ஏறுகிறது. இரண்டையும் ஒரே விகிதத்தில் குறைத்தாலோ வேக மாற்றத்தில் வித்தியாசமே இல்லை, நசுக்கித் தீர்க்க வேண்டிய ஆற்றல் மட்டும் இருபுறமும் குறைகிறது. எடை குறைப்பு பாதுகாப்பைக் கெடுக்குமா என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பதைவிட, எந்த வண்டியின் எடையைக் குறைக்கிறோம் என்று கேட்பதே பொருள் உள்ளது. ஏற்கெனவே சிறியதாக இருப்பதை மேலும் கரைப்பதில் ஆதாயமும் குறைவு, அபாயமும் கூடுதல். பெரிய எஸ்யூவிகளின் எடையைக் குறைப்பதில் சாலைக்கு மொத்தத்தில் நன்மை. கனம் தரும் பாதுகாப்பில் ஒரு பகுதி, எதிரே வருபவரிடமிருந்து எடுத்துக்கொண்டது.

யூரோ என்கேப் 2020இல் தன் முன்பக்கச் சோதனையை மாற்றியபோது இந்த எண்ணம் விதியாகவே எழுதப்பட்டது. இப்போது காரும், 1,400 கிலோ எடையுள்ள நகரும் தடுப்பும், ஆளுக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் பாதி அகலத்தில் மோதிக்கொள்கின்றன. மோதல் முடிந்தபின் தடுப்பின் நசுங்கிய முகத்தை அளக்கிறார்கள். ஒரே புள்ளியில் ஈட்டிபோல ஆழமாகக் குத்தியிருந்தால் காருக்கு மதிப்பெண் வெட்டப்படும். தன் பயணியைக் காத்தால் மட்டும் போதாது, எதிரே இருப்பவரை எப்படி இடித்தாய் என்பதற்கும் கணக்குக் காட்ட வேண்டும்.

எரிபொருள் விதிகள் இந்தத் தெளிவை எட்டவில்லை. அமெரிக்காவில் ஒரு காருக்கான இலக்கு, நான்கு சக்கரங்களுக்கு இடைப்பட்ட பரப்பை வைத்துத் தீர்மானிக்கப்படுகிறது. நசுங்கும் நீளத்தை அப்படியே வைத்துக்கொண்டு எடையை மட்டும் குறைக்கும் நிறுவனத்துக்கு அதில் முழுப் பலனும் கிடைக்கும். இந்தியாவில் 2017-18இல் தொடங்கி, 2022-23இல் கிலோமீட்டருக்கு 113 கிராம் கரியமில வாயு என்ற சராசரிக்கு இறுக்கப்பட்ட விதி, எடையை அடிப்படையாகக் கொண்டது. ஒரு நிறுவனத்தின் கார்கள் சராசரியில் கனமானால் அதற்கான இலக்கும் தளர்கிறது. இலேசாக்கினால் இலக்கும் சேர்ந்து இறுகுகிறது. உழைத்து எடையைக் குறைத்தவருக்குப் பரிசில் பாதியைத் திரும்பக் கேட்பது போன்ற இந்த ஏற்பாடு, குறைக்க வேண்டிய கனமான வண்டிகளுக்கே சலுகையாக முடிகிறது என்பது என் எண்ணம்.

அலுமினியமும் கார்பனும்

அலுமினியத்தின் அடர்த்தி எஃகில் மூன்றில் ஒரு பங்கு. விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான். அப்படியே இடம் மாற்றினால் ஆதாயமில்லை. தகட்டைத் தடிப்பாக்கி, சட்டத்தை அகலமாக்கினால், வளைவை எதிர்க்கும் பாகங்களில் எடை ஏறத்தாழப் பாதியாகும். மோதலில் அலுமினியக் குழாய்கள் கிலோவுக்கு நல்ல அளவு ஆற்றலை ஏற்றுச் சுருங்கும். 1994இல் ஆடி ஏ8 இதை ஆடம்பரக் காரில் செய்துகாட்டியது. 2015இல் ஃபோர்டு தன் எஃப்-150 பிக்கப்பின் உடலை அலுமினியமாக்கி, அடிச்சட்டத்தை மட்டும் உயர்வலிமை எஃகில் வைத்துக்கொண்டு, 300 கிலோவுக்கு மேல் குறைத்தது. அந்த வண்டியில்தான் ஒரு வேடிக்கை நடந்தது. காரின் முன்முகப்பில் நான்கில் ஒரு பங்கு மட்டும் இடிபடும் குறுமோதல் சோதனையில், நான்கு முழுக்கதவு கொண்ட வகை மிக நல்ல மதிப்பீடு பெற்றது. சற்றுச் சிறிய கேபின் கொண்ட வகை கடைசிக்கு முந்தைய படியில் நின்றது. உலோகமும் பெயரும் ஒன்றே. சக்கரம் பின்னுக்குத் தள்ளப்பட்டு ஓட்டுநரின் காலடிக்குள் நுழையாமல் தடுக்கும் கூடுதல் தடுப்புகள் முதல் வகையில் இருந்தன, இரண்டாவதில் இல்லை. அடுத்த ஆண்டு அவற்றைப் பொருத்தியதும் மதிப்பீடு உயர்ந்துவிட்டது.

கார்பன் ஃபைபரின் பெருமை பந்தயத் தடத்தில் நிலைநாட்டப்பட்டது. 1981இல் மக்லாரன் அதைக் கொண்டு ஃபார்முலா 1 காரின் கூட்டைச் செய்தபோது உடைந்து தூளாகிவிடும் என்று ஐயுற்றவர்கள், அதே ஆண்டு மான்சாவில் ஜான் வாட்சன் பெரும் விபத்திலிருந்து காயமின்றி இறங்கி வந்ததைக் கண்டார்கள். 2013இல் பிஎம்டபிள்யூ ஐ3 அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தது: மேலே கார்பன் ஃபைபர் அறை, கீழே மின்கலத்தையும் மோதலையும் தாங்கும் அலுமினியத் தளம். மடிய வேண்டியதற்கு வளையும் உலோகம், மடியக் கூடாததற்கு விறைத்த இழை என்ற அந்தப் பிரிவினை, பாரெனியின் பழைய எண்ணமேதான். விலையும் தயாரிக்கும் நேரமும் காரணமாக அது பரவவில்லை.

மின்சாரக் கார்கள் இந்தக் கதையைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருக்கின்றன. மின்கலத் தொகுதி சில நூறு கிலோவைச் சேர்க்கிறது. அதைத் தாங்கச் சட்டமும், நிறுத்தப் பிரேக்கும், சுமக்க டயரும் பெருக்கின்றன. எடைக்கு இப்படிக் குட்டி போடும் குணம் உண்டு. குறைத்தாலும் அதே போலச் சங்கிலியாகக் குறையும். கம்பத்தில் பக்கவாட்டாக மோதும் சோதனையில் பயணியோடு மின்கலத்தையும் காக்க வேண்டியிருப்பதால், கதவுக்குக் கீழுள்ள அடிச்சட்டத்துக்குள் தேன்கூடுபோல அறை அறையாகப் பிரிந்த அலுமினியச் சட்டங்கள் வைக்கப்படுகின்றன. மின்கலப் பெட்டியையே உடற்கூட்டின் பாகமாக்கி, ஒரே எடையிடம் இரண்டு வேலை வாங்குவதும் பரவிவருகிறது.

பட்டறையில்

இலேசாக்கப்பட்ட காரின் பாதுகாப்பு தொழிற்சாலை வாசலோடு முடிந்துவிடுவதில்லை. மென் எஃகுக் காலத்தில் பழகிய டிங்கரிங் பட்டறையில், வளைந்த சட்டத்தை கேஸ் விளக்கால் காய்ச்சி, இழுத்து நிமிர்த்தி, தட்டிச் சமப்படுத்துவது கைதேர்ந்த வேலை. போரான் எஃகுத் தூணுக்கு அதே வைத்தியம் செய்தால், நொடிகளில் குளிர்வித்துப் பெற்ற மார்ட்டென்சைட் அந்தச் சூட்டில் கலைந்துபோகும். மெல்ல ஆறும்போது பழைய கடினம் திரும்பாது. வலிமையில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். தகடு ஏற்கெனவே மெலிந்தது என்பதால், கைகொடுக்க உபரி எஃகும் அதில் இல்லை. ஆகவேதான் பல தயாரிப்பாளர்கள் இத்தகைய தூண்களை நிமிர்த்தக் கூடாது, எந்த இடத்தில் வெட்ட வேண்டுமோ அங்கே வெட்டி முழுப் பாகத்தையும் மாற்ற வேண்டும் என்று கையேட்டில் எழுதுகிறார்கள். அலுமினியத்துக்குத் தனிக் கருவிகளும், எஃகுத் தூள் படாத தனி இடமும் தேவை. காப்பீட்டுத் தொகை ஏறுவதற்கும், சிறு விபத்தில் சிக்கிய வண்டிகூடப் பழைய இரும்புக்குப் போவதற்கும் இதுவும் ஒரு காரணம். பழைய கார் வாங்குகிறவர் பார்ப்பது பட்டி பூசி, சூளையில் காய்ந்து, பளபளக்கும் தூணை. அது காய்ச்சி நிமிர்த்தியதா, மாற்றிப் பொருத்தியதா என்பதைத் தட்டிப் பார்த்தாலும் ஓசை சொல்லாது.